பாட்டு இருக்கட்டும் ரீச்சர், குளிசையும் இருக்கட்டும்

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

வயது 56. ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம். ஒன்றரை வருடத்துக்கு முன் கணவர் மாரடைப்பில் காலமானார். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் கிடந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர் இவர்தான். அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகு இவர் படுத்துவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் பொழுதுபடும்வரை அதே கிடை. "அவர் போன வழியே போய்விடலாம் போல இருந்த நாட்களும் உண்டு" என்கிறார். சக ஆசிரியை ஒருவர் கையைப் பிடித்து ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக் கூட்டிப்போனார். பத்து மாதமாகக் குளிசை.

போன மார்கழியில், திருவெம்பாவைக் காலம், விடிய முன்னம் சங்கும் சேமக்கலமுமாகப் பாடிக்கொண்டு ஒரு கூட்டம் ஒழுங்கையால் போனது. இவர் எழும்பி வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டு அக்கை கையைப் பிடித்து இழுத்துச் சேர்த்துக்கொண்டார். கோயில் வரை போவதற்குள் இவரும் பாடிக்கொண்டிருந்தார். "சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, ரெண்டும் ஒண்டா வந்தது. மறுகா வாயை மூட ஏலாமப் போச்சு" என்று எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கூட்டுப் பிரார்த்தனை. விடிய நாலு மணிக்கு எழும்பி, யூடியூப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் தியானம்.

பிரச்சினை இனித்தான். மகள், "அப்பா போய் ரெண்டு திவசம் ஆகேல்ல, ஊர் சிரிக்கப் போகுது" என்கிறார். கனடாவிலிருக்கும் மகன், யாரோ மூளைச்சலவை செய்கிறார்கள் என்கிறார். குழுவில் மூத்தவர் ஒருவர் "நாமம் இருக்க நஞ்செதற்கு" என்று சொல்ல, இவர் ஒன்பது நாளுக்கு முன் குளிசையை நிறுத்திவிட்டார். இப்போது தலைச்சுற்று, குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்கிற மாதிரி ஒரு வெட்டு. குண்டலினி எழும்புகிறது என்று அதே மூத்தவர் சொல்கிறார். தியானத்தில் கண்ணை மூடினால் சில நாள் ஒளி தெரிகிறதாம். சில நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடி. கடைசியாக மூன்று கேள்வி: இந்த மகிழ்ச்சி உண்மையானதா? கணவருக்குச் செய்கிற துரோகமா? விட்டுவிடவா?

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் பெயரை எழுத முடியாததால், ஊரே கூப்பிடுகிற மாதிரி ரீச்சர் என்றே கூப்பிடுகிறேன். நீங்கள் மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் குளிசையைப் பற்றிக் கதைக்க வேண்டும். அது காத்திருக்காது.

தலைக்குள் ஓடும் மின்சாரம்

தலையைத் திருப்பும்போதோ கண்ணை அசைக்கும்போதோ ஒரு கணம் 'சுரீர்' என்று வெட்டுகிறது, பிறகு ஒரு தள்ளாட்டம், அதோடு குமட்டல், அரைகுறைத் தூக்கம், காரணமில்லாத எரிச்சல். இதை என்னிடம் வந்து சொன்னவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் தியானத்தின் பக்கமே போகாதவர்கள். மனச்சோர்வுக்கான குளிசை பலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களுக்குள் இப்படி வரும். மூளை அந்த மருந்தோடு ஓடப் பழகியிருந்தது. மெதுவாக இறக்காமல் ஒரேயடியாகப் பறித்துவிட்டீர்கள். குண்டலினியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் குளிசை நின்ற அதே கிழமையில் தொடங்கிய வெட்டுக்கு முதற்காரணம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஞானம் வேண்டியதில்லை, கலண்டர் போதும்.

அடுத்த கிளினிக் திகதிவரை இருக்க வேண்டாம். இந்தக் கிழமையே கிளினிக் கொப்பியோடு போங்கள். எந்தத் திகதியில் நிறுத்தினீர்கள், என்னென்ன செய்கிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். திரும்பத் தொடங்குவதா, எந்த அளவில் என்பதை வைத்தியர் சொல்லட்டும். நீங்களாகப் பழைய அளவை விழுங்குவதோ விட்ட நாட்களுக்குச் சேர்த்துப் போடுவதோ கூடாது. அவர் ஏசுவார் என்று பயப்படுகிறீர்கள். ஏசினாலும் ஏசட்டும், உண்மையைச் சொல்லுங்கள். நிறுத்த விரும்புவது உங்கள் உரிமைதான், அதை அவரிடமே சொல்லலாம். முதல் தடவை வந்த மனச்சோர்வுக்கு, நன்றாக வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம். உங்களுக்குச் சுகம் தெரியத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. இடையில் விட்டால் பழைய படுக்கை திரும்ப வரும் ஆபத்துக் கூட.

அந்த மூத்தவர் சொன்ன 'நஞ்சு' என்ற சொல்லுக்கு வருகிறேன். மார்கழிக்கு முன்னும் உங்கள் ஒழுங்கையால் கோயில் மணிச் சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது? பக்கத்து வீட்டு அக்கை அதற்கு முதல் எத்தனை தரம் வந்து கூப்பிட்டிருப்பா? அன்று மட்டும் கட்டிலை விட்டு எழும்பி வாசல்வரை வர உங்களுக்குக் கால் எங்கிருந்து வந்தது? பாட்டு வந்து சேருமுன் மாதக்கணக்காகக் குளிசை சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. பாட்டின் பெருமையை நான் குறைக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளைத்தான் தூக்கிவிட்டன. ஒன்றை வைத்து மற்றதை விரட்டுவானேன்?

"போய்விடலாம்" என்கிற எண்ணம் மறுபடி தலைகாட்டினால் வெள்ளிக்கிழமைவரை அடக்கி வைத்திருக்க வேண்டாம். அன்றே மகளிடம் சொல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். இரவென்றால் இரவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த மகிழ்ச்சி உண்மையா?

ஒரு தேவாரத்தைப் பாடும்போது சட்டென்று மூச்சை எடுத்து, நீளமாக விட்டுக்கொண்டே ஒரு அடியை முடிக்கிறீர்கள். மூச்சை விடும் நேரத்தில் இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும். அதை நீட்டினால் உடம்பு 'ஆபத்து இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை வைத்து, கத்தோலிக்கரின் ஜெபமாலை மன்றாட்டையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லச் செய்து அளந்தார்கள். எதைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறங்கிவந்தது. சாதாரணமாக நாம் பன்னிரண்டு முதல் இருபது தரம் மூச்சு விடுகிறோம். புளியந்தீவில் பொழுதுபடும் நேரம் ஒரு சுற்று நடந்தால் கோயில் மணியும் தேவாலய ஜெபமும் ஒரே காற்றில் வரும். வாவிக்கரையோடு தெற்கே போனால் முஸ்லிம்கள் கூடி இறைநாமம் சொல்லும் திக்ரு மஜ்லிஸ். பாடுகிறவர்கள் வேறு வேறாக இருந்தாலும் நெஞ்சுக்கூடு எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் ஏறி இறங்குகிறது.

ஆனால் மூச்சு மட்டும் என்றால் நீங்கள் வீட்டில் தனியே இருந்து எண்ணிக்கொண்டிருந்தாலே அந்த மார்கழி விடியல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. திருவெம்பாவையை வகுப்பில் படிப்பித்தவர் நீங்கள். அது என்ன பாட்டு? விடிந்த பிறகும் படுத்திருக்கிறவளைத் தோழிகள் வாசலில் நின்று கூப்பிடுகிற பாட்டு. பகிடியும் பண்ணுகிறார்கள், கெஞ்சியும் கேட்கிறார்கள். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஒரு வருடத்தில் யாரும் உங்களைப் பகிடி பண்ணிக் கூப்பிடவில்லை. எல்லோரும் பதுங்கிப் பதுங்கி இரங்கினார்கள். அன்று உங்களை அழைத்தது அனுதாபம் இல்லை, தோழமை. உங்கள் முன்னேற்றத்தில் தியானத்தைவிடக் கூட்டமாகப் பாடுவதற்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. கடிதத்தில் தியானத்துக்கு மூன்று பக்கமும் வெள்ளிக்கிழமைக்கு அரைப் பக்கமும் ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் அதை மாற்றிப்போடுவேன்.

அது ஆண்டவன் தந்ததா, மூளை செய்ததா என்று கேட்கிறீர்கள். கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்து, வாவிக்கடியிலிருந்து வரும் பாட்டைக் கேட்பார்கள். பாடுவது மீன் என்பாரும் உண்டு, ஊரி என்கிற சிப்பி என்பாரும் உண்டு. காது வைத்துக் கேட்கும்போது யாரும் அந்த வழக்கைப் பேசுவதில்லை. நானும் இதில் அந்தத் தோணிக்காரர் பக்கம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டியது என் தொழில். மகிழ்ச்சியின் வேடத்தில் வருகிற நோய் ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று மணித்தியாலம் படுத்தும் களைப்பே தெரியாமை, பேச்சு நிற்காமை, கைக்காசு தண்ணீராகப் போவது, 'எனக்கென்று தனிப்பணி இருக்கிறது' என்ற நினைப்பு, கட்டளையிடும் குரல்கள். இவை சேர்ந்து வந்தால் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும். குளிசையை நிறுத்தும்வரை இரவு ஒன்பதரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழும்பினேன் என்கிறீர்கள். வகுப்பு நடக்கிறது, கொப்பி திருத்துகிறீர்கள், சம்பளம் மாத முடிவுவரை காணுகிறது. அந்த நோயின் சாயல் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தூக்கத்தில் ஒரு கண் வைத்திருங்கள். நாலு மணி மூன்றாகி, மூன்று இரண்டானால் தியானத்தில் முன்னேற்றம் என்று எடுக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கண்ணகைக்குப் பாடிய ஊர்

துரோகமா என்ற கேள்வியைத்தான் ஒன்பது பக்கத்திலும் அடித்து அடித்து எழுதியிருக்கிறீர்கள், மை கலங்கியிருக்கிறது.

மகள், ஊர் சிரிக்கும் என்கிறார். எந்த ஊர்? தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், ஆரையம்பதி என்று இந்தக் கரை நெடுகலும் வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறக்கும். கண்ணகி கதையான வழக்குரை பாடுவார்கள், சடங்கு முடிவில் குளிர்த்தி பாடுவார்கள். அந்தக் குளிர்த்தி யாருக்கு? கணவனை அநியாயமாகப் பறிகொடுத்து, மதுரையை எரித்துவிட்டு, நெஞ்சு கொதித்து நின்ற ஒரு பெண்ணுக்கு. அவள் கொதிப்பு ஆற வேண்டும் என்று ஊர் முழுக்க இரவிரவாகக் கூடி நிற்கிறது. 'அழாதே, அடங்கியிரு, மூலைக்குள் போ' என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாடினார்கள், குளிர வைத்தார்கள். கணவனை இழந்தவளின் சூட்டைப் பாட்டால் தணிக்கத் தெரிந்த ஊருக்குள் இருந்துகொண்டு, கணவனை இழந்தவள் பாடினால் ஊர் சிரிக்கும் என்று நாம் பயப்படுகிறோம்.

சிரிக்கிறவர்கள் இருக்கவே மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பேர் சிரிப்பார்கள். அவர்கள் நீங்கள் படுத்துக் கிடந்தபோதும் ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

துக்கம் ஒரு நேர்கோட்டில் குறைந்துகொண்டே போய் ஒருநாள் முடியும் என்று நினைக்கிறோம். என் அறைக்கு வருகிறவர்களிடம் நான் அப்படிக் காணவில்லை. காலையில் பாடியவர் மத்தியானம் கணவருடைய சறத்தை மடிக்கும்போது உடைந்து அழுவார், மறுநாள் மறுபடி பாடுவார். வாவியில் பெருக்கும் வற்றும் மாறிமாறி வருகிற மாதிரி. மகிழ்ச்சி வந்த நாளில் அவரை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த விடியலில் பாடிக்கொண்டே 'அவர் இதைக் கேட்டிருந்தால் பகிடி பண்ணியிருப்பார்' என்று நினைத்தீர்களாம். மறந்தவருக்கு அந்த நினைப்பு வருமா?

மகளிடம் இதையெல்லாம் பிரசங்கமாகச் சொல்லிவிடாதீர்கள். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் தருகிறது. அதைக் கொண்டுபோய் மகளின் குசினியில் காட்ட வேண்டாம். வீடு மகளுக்குச் சீதனமாக எழுதியாகிவிட்டது, நீங்கள் அவளோடு இருக்கிறீர்கள். தகப்பனைப் பறிகொடுத்தவள், தாயையும் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போகிறதோ என்று பயப்படுகிறாள் என்று எனக்குப் படுகிறது. 'ஊர்' என்பது அந்தப் பயத்துக்குப் போட்ட போர்வை. ஒரு வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்: மகளுக்குப் பத்து மாதக் குழந்தை, விடிய நாலு மணிக்கு உங்கள் தொலைபேசியில் யூடியூப். எனக்கென்றால் பாதி வழக்கு இதில்தான் இருக்கிறது. காதில் மாட்டுவதற்கு ஒரு இயர்போன் வாங்குங்கள்.

கண்ணாடி தெரிகிற நாட்கள்

தியானம் எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்பது ஒரு தவறான எண்ணம். கண்டு சகிக்க முடியாத காட்சியை மனத்தில் வைத்திருப்பவர் கண்ணை மூடி, இருட்டில், தனியே, ஒரு மணித்தியாலம் இருந்தால் அந்தக் காட்சி வந்து நிற்கும். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட இந்தக் கரையில் இது எனக்குப் புதிதில்லை. 'இன்னும் ஆழமாக உட்கார், கரைந்து போகும்' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கரைவதற்குப் பதிலாக அது இன்னும் தடிப்பாகலாம்.

ஒரு மணித்தியாலத்தைப் பத்து நிமிடம் ஆக்குங்கள். கண்ணைத் திறந்து, விளக்கையோ முற்றத்து மரத்தையோ பார்த்துக்கொண்டு, பாதம் இரண்டும் தரையில் பட இருங்கள். வெளிச் சத்தத்தைக் கேளுங்கள்: சேவல், பஸ், பக்கத்து வீட்டுத் தேங்காய் துருவும் சத்தம். கண்ணாடி தெரிந்தால் எழும்பி முகம் கழுவி, வாய்விட்டு ஒரு பாட்டைப் பாடுங்கள். அமைதி வேண்டும் என்று தவிக்கிற நாளில் மண்டூர் முருகன் கோயிலுக்கு ஒரு தரம் போய் வாருங்கள். அங்கே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார்கள். அந்த மௌனத்தில் நூறு பேர் உங்களைச் சுற்றி நிற்பார்கள். பத்து நிமிடமாகக் குறைத்தும் ஒரு மாதத்தில் அந்தக் காட்சி விடாமல் வந்தால், அதற்கென்று தனியான உளவளத்துணை இருக்கிறது, கிளினிக்கிலேயே கேளுங்கள்.

சங்கிலியும் மண்டபமும்

கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில், 'குழு மண்டபம் கட்டுகிறது, என் மூன்று பவுண் சங்கிலியைக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்' என்று எழுதி, பிறகு வெட்டியிருக்கிறீர்கள். வெட்டியதையும் வாசித்துவிட்டேன். அது உங்கள் நகை, கொடுக்க முழு உரிமை உங்களுக்கு உண்டு, பிள்ளைகள் தடுக்க முடியாது. ஆனால் கொடுத்த பிறகு மனம் மாறினால் திரும்பி வராது. அடுத்த மார்கழிவரை ஒத்திப்போடுங்கள். அப்போதும் கொடுக்க மனம் இருந்தால், கோயில் பரிபாலன சபையின் பற்றுச்சீட்டோடு கொடுங்கள்.

மகன் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஒரு குழு உங்களை மருந்தை விடச் சொன்னால், சொந்தக்காரரிடமிருந்து பிரித்தால், நகை நட்டுக் கேட்டால், இதை வெளியே சொல்லாதே என்றால் விலகி நிற்க வேண்டும். உங்கள் விஷயத்தில் முதலாவதைச் சொன்னவர் ஒருவர். மண்டபக் கணக்கும் அவர் கையில்தான் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் பாடுகிறார்கள், கடலை அவித்துக் கொடுக்கிறார்கள், உங்களை வீடுவரை கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த ஒருவரிடம் 'வைத்தியர் சொன்னபடிதான் செய்வேன் ஐயா' என்று ஒரு தரம் சொல்லுங்கள். அவர் அதற்குப் பிறகு எப்படி நடக்கிறார் என்பதில் உங்களுக்கு விடை கிடைக்கும். கூட்டத்தை விட வேண்டியதில்லை.

கடைசியாக, சின்ன விஷயமென்று நீங்கள் கேட்டது. சிறுவயதில் சரஸ்வதி பூசைக்கு நிற்கும்போது 'நீ உதட்டை மட்டும் அசை' என்றார்களாம், இப்போதும் மேல் சுரத்தில் குரல் கரகரக்கிறதாம். ஆர்மோனியம் வாசிப்பவர் ஆண்தானே? அவர் தன் குரலுக்கு ஒன்றரை, இரண்டு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பிடிப்பார். பெண் குரல் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டை. வயது போனால் நாலு, நாலரைக்கு இறங்கும். அவர் சுருதியில் நீங்கள் கீழேயும் போக முடியாமல் மேலேயும் எட்ட முடியாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறீர்கள். வெள்ளிக்கிழமை ஒரு பாட்டையாவது பெண்கள் தொடங்கட்டும், நாலரைக் கட்டையில் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். வைத்தியர் என்ன சொன்னார் என்பதோடு, குரல் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள்.